தெருக்காட்சிப் படத்தில் தெரியும் வீடும் திருட்டுக்கான பொறுப்பும்

கேட்டவரின் நிலை இது. குடும்பத்தோடு நான்கு நாட்கள் வெளியூர் போயிருந்தபோது அவருடைய வீட்டின் பின்கதவை நெம்பித் திறந்து யாரோ திருடிச் சென்றிருக்கிறார்கள். சில வாரங்கள் கழித்து இணைய வரைபடத்தில் தம் தெருவின் தெருக்காட்சிப் படத்தை, அதாவது கேமரா பொருத்திய வண்டி தெருத்தெருவாகச் சென்று எடுத்த படத்தை, திறந்து பார்த்திருக்கிறார். தெருவில் நடந்து போகும் ஒருவருக்கு மதிலுக்கு மேல் எதுவும் தெரியாது. ஆனால் அந்தப் படத்தில் பக்கவாட்டுச் சந்து, பின்கதவின் ஒரு பகுதி, சுவரில் சாய்த்து வைத்திருந்த ஏணி ஆகிய மூன்றும் தெளிவாகத் தெரிந்திருக்கின்றன. இந்தத் திருட்டுக்குப் படம் எடுத்த நிறுவனம் பொறுப்பாகுமா, வீட்டின் படத்தை மறைக்கச் சொல்ல உரிமை உண்டா, ஏணியை வெளியில் விட்டது தம்முடைய தவறா என்று அவர் கேட்கிறார்.

தனியுரிமைச் சட்டத்தைப் பல ஆண்டுகளாகப் படித்து வருபவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருட்டுக்குத் திருடனே பொறுப்பு. நிறுவனத்தை அதற்குப் பொறுப்பாக்க முனைந்தால் பெரும்பாலும் தோற்பீர்கள். ஆனால் தெருவில் நிற்பவருக்குத் தெரியாத ஓர் இடத்தை உலகம் முழுவதும் பார்க்கும்படி வைத்தது நிறுவனம் தானே செய்த செயல். திருட்டே நடக்காமல் இருந்திருந்தாலும் அதற்கு அது பதில் சொல்லியாக வேண்டும். இவை இரண்டும் வெவ்வேறு முறையீடுகள். ஒன்றோடு ஒன்றைக் கலந்து, திருட்டு நடந்ததனால்தான் படம் தவறு என்று வாதிடுகிறவர்கள் தங்கள் கையில் இருக்கும் வலுவான வாதத்தை வலுவற்ற வாதத்தின் கீழே தாங்களே புதைத்துவிடுகிறார்கள். இதைப் பல வழக்குகளில் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

திருட்டுக்கான பொறுப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒருவருடைய செயலால் இழப்பு ஏற்பட்டது என்று நீதிமன்றத்தில் நிறுவ வேண்டுமானால், அந்தச் செயல் இல்லாமல் இந்த இழப்பு ஏற்பட்டிருக்காது என்று முதலில் காட்ட வேண்டும். திருடர்கள் பிடிபட்டு, அந்தப் படத்தைப் பார்த்தே வந்தோம் என்று அவர்களே ஒப்புக்கொண்டாலோ, அவர்களுடைய கைப்பேசியில் உங்கள் முகவரியைத் தேடிய தடயம் கிடைத்தாலோ தவிர, இந்த முதற்படியையே உங்களால் தாண்ட முடியாது. படத்தில் பின்கதவு தெரிகிறது, திருடன் பின்கதவு வழியாக வந்தான் என்ற இரண்டு உண்மைகளை அடுத்தடுத்து வைத்தால் மட்டும் ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது. வீட்டுத் திருட்டுகளில் பின்பக்கமாகவோ பக்கவாட்டிலோ நுழைவது இந்தப் படங்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே உள்ள வழக்கம்.

முதற்படியைத் தாண்டினாலும் அடுத்த படி இன்னும் உயரமானது. ஒருவருடைய செயலுக்கும் இழப்புக்கும் நடுவே வேறொரு மனிதர் தன் சொந்த விருப்பத்தோடு குற்றம் செய்தால், பொதுவாகச் சட்டம் அந்தக் குற்றவாளியோடு நின்றுவிடும். அவருக்குப் பின்னால் இருப்பவரைத் தேடிப் போகாது. இதற்கு விதிவிலக்குகள் உண்டு. அவற்றைப் பார்த்தால்தான் எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்பது புரியும். இங்கிலாந்தில் 1948-இல் தீர்ப்பான ஒரு வழக்கில், வீட்டுக்குச் சுவர் அலங்கார வேலைக்கு வந்த ஒருவரை நம்பி வீட்டுக்காரம்மாள் வெளியே போனார். போகும்போது கதவைப் பூட்டிவிட்டுச் செல்லுமாறு சொல்லியிருந்தார். அவரோ சுவரில் ஒட்டும் தாள் வாங்குவதற்காகக் கதவைப் பூட்டாமலே வெளியே போய், சுமார் இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பினார். அதற்குள் ஒரு திருடன் உள்ளே நுழைந்து நகையை எடுத்துச் சென்றுவிட்டான். திருடியது வேறொருவன் என்றாலும் வேலைக்கு வந்தவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. திருடன் நுழையாமல் பார்த்துக்கொள்வதே அவர் ஏற்றுக்கொண்ட கடமை. அதை மீறிவிட்டு, திருடனல்லவா காரணம் என்று அவர் சொல்ல முடியாது.

அதே நாட்டில் 1983-இல் வந்த மற்றொரு தீர்ப்பு எதிர்ப்பக்கம் சாய்ந்தது. ஆளில்லாமல் பூட்டின்றிக் கிடந்த ஒரு குடியிருப்புக்குள் நுழைந்த திருடர்கள், நடுச்சுவரில் ஓட்டை போட்டுப் பக்கத்துக் கிடங்கின் சரக்கைத் திருடினார்கள். அந்தக் குடியிருப்பு உள்ளாட்சி மன்றத்துக்குச் சொந்தமானது. அங்கே பாதுகாப்பு இல்லை என்ற முறையீடு ஏற்கெனவே அதற்குப் போயிருந்தது. அப்படியிருந்தும், பக்கத்து இடத்தைத் திருடர்களிடமிருந்து காக்கும் கடமை உள்ளாட்சி மன்றத்துக்கு இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. திருட்டு நடக்கக்கூடும் என்று முன்கூட்டியே ஊகிக்க முடிந்தால் மட்டும் பொறுப்பு வந்துவிடாது. காப்பேன் என்று ஏற்ற உறவு ஒன்று இருக்க வேண்டும் என்பதே இந்த இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் படிக்கும்போது தெரிய வருவது.

வரைபட நிறுவனத்தை இந்தக் கோட்டின் எந்தப் பக்கத்தில் நிறுத்துவது? உங்கள் வீட்டுச் சாவி அதனிடம் இல்லை. உங்கள் வீட்டைப் பாதுகாப்பதாக அது உங்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. உங்களை அதற்குத் தெரியவே தெரியாது. ஆகவே அது இரண்டாவது வழக்கின் பக்கமே விழும். இது எனக்கு மகிழ்ச்சி தரும் முடிவு என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் நீங்கள் தொலைபேசிக் கையேடு, சொத்து விற்பனை விளம்பரம், வீட்டு வரி ஆவணம், செயற்கைக்கோள் படம் என்று ஒவ்வொன்றையும் திருட்டுக்குத் துணைபோனவையாக அறிவித்தால், தகவல் என்ற ஒன்றையே யாரும் வெளியிட முடியாத இடத்தில் போய் நிற்போம்.

இந்த இடத்தில் ஒரு விதிவிலக்கைக் குறிப்பிட வேண்டும். நீங்கள் முன்கூட்டியே எழுத்தில் முறையிட்டு, இந்தப் படத்தில் என் வீட்டின் உட்புறம் தெரிகிறது, அதை நீக்குங்கள் என்று கேட்டிருந்து, நிறுவனம் பெற்றுக்கொண்டதாகப் பதில் அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் எதுவும் செய்யாமல் இருந்திருந்தால், உங்கள் நிலை இப்போதிருப்பதைவிடச் சற்று வலுவாக இருக்கும். அப்போதும் திருட்டின் முழு இழப்பையும் வாங்கித் தருவதாக நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் யாரென்றே தெரியாதவர் என்ற நிலையிலிருந்து, அறிவிப்புக் கொடுத்தும் அலட்சியப்படுத்தப்பட்டவர் என்ற நிலைக்கு நீங்கள் வந்துவிடுவீர்கள். சட்டத்தில் இந்த இரண்டுக்கும் இடைவெளி பெரிது.

இனி வலுவான முறையீட்டுக்கு வருகிறேன். கூகுள் நிறுவனம் ஸ்ட்ரீட் வியூ என்ற தெருக்காட்சிச் சேவையை 2007 மே மாதத்தில் அமெரிக்காவின் ஐந்து நகரங்களில் தொடங்கியது. முகங்களைத் தானாக மங்கலாக்கும் முறையை அது கொண்டு வந்தது 2008-இல்தான். அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்களே 2009-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், தங்கள் முறை 89 சதவீதத்துக்கு மேற்பட்ட முகங்களையும் 94 முதல் 96 சதவீத வாகன எண் பலகைகளையும் போதுமான அளவு மறைக்கிறது என்று எழுதினார்கள். பல லட்சம் முகங்களில் எஞ்சிய பத்தில் ஒரு பங்கு எவ்வளவு பெரியது என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். பிந்தைய ஆண்டுகளில் இந்த விகிதம் மேம்பட்டது. ஆனால் முகத்தையும் எண் பலகையையும் கண்டுபிடிக்கும் கணினிக்கு, இது தெருவிலிருந்து பார்க்க முடியாத கொல்லைப்புறம் என்று கண்டுபிடிக்கத் தெரியாது. உங்கள் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

தெருவிலிருந்து யாரும் பார்க்கக்கூடியதைப் படம் எடுப்பதில் என்ன தவறு என்பதுதான் நிறுவனங்கள் எப்போதும் சொல்லும் பதில். அந்தப் பதிலில் உண்மை இருக்கிறது. ஆனால் தெருவிலிருந்து என்ற சொல்லைச் சற்று அழுத்திப் பார்க்க வேண்டும். வண்டியின் கூரைமேல் கம்பம் நட்டு அதன் உச்சியில் வைக்கும் கேமரா ஏறத்தாழ 2.5 மீட்டர் உயரத்தில் இருந்தது. நெடிதுயர்ந்த மனிதரின் கண்கூட அந்த உயரத்தில் இல்லை. ஒருவர் இரண்டு மீட்டர் மதில் எழுப்புகிறார் என்றால், தெருவில் போகிறவர் பார்வை உள்ளே விழக் கூடாது என்று நினைத்தே எழுப்புகிறார். அந்த மதிலைப் படத்தின் கேமரா எட்டிப் பார்க்கிறது. தெருவில் நடந்து போகும் அண்டை வீட்டுக்காரர் ஒருவர் முக்காலி போட்டு ஏறி உங்கள் மதிலுக்கு உள்ளே பார்த்தால், தெருவில்தானே நிற்கிறேன் என்ற அவருடைய சமாதானத்தை நீங்கள் ஏற்பீர்களா?

ஜப்பானில் மக்கள் இதையேதான் கேட்டார்கள். குறுகிய சந்துகளும் தாழ்வான வேலிகளும் நிறைந்த குடியிருப்புகளில் கேமரா வீட்டுக்குள்ளேயே பார்க்கிறது என்ற எதிர்ப்பு எழுந்ததைத் தொடர்ந்து, 2009 மே மாதத்தில் கேமராவின் உயரத்தை 40 சென்டிமீட்டர் குறைத்து மறுபடியும் படம் எடுப்பதாக நிறுவனம் அறிவித்தது. சுவிட்சர்லாந்தின் உச்ச நீதிமன்றம் 2012-இல் அளித்த தீர்ப்பில் இதை இன்னும் தெளிவாகப் பிரித்தது. தானாக மங்கலாக்கும் முறையில் ஏறத்தாழ ஒரு சதவீதம் தவறிப் போனால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம், முறையீடு வந்தவுடன் திருத்த வேண்டும் என்றது. ஆனால் பள்ளி, மருத்துவமனை, சிறை, பெண்கள் காப்பகம் போன்ற இடங்களுக்கு அருகே எடுக்கும் படங்களில் ஆட்கள் முழுவதுமாக அடையாளம் தெரியாதபடி செய்யப்பட வேண்டும் என்றது. சாதாரணமாகத் தெருவில் செல்பவரின் பார்வைக்கு எட்டாத அடைப்புள்ள முற்றமும் தோட்டமும் இரண்டு மீட்டருக்கு மேலிருந்து எடுத்த படங்களில் தெரியக் கூடாது என்றும் சொன்னது. உங்களுடைய பக்கவாட்டுச் சந்தும் பின்கதவும் இந்த மூன்றாவது பகுதிக்குள் அப்படியே பொருந்துகின்றன. உங்கள் நாட்டில் இந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாமல் இருக்கலாம். ஆனால் முறையீடு எழுதும்போது, வேறொரு நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் வகுத்த அளவுகோல் இது என்று காட்டுவது பயன்படும்.

உயரத்தைத் தவிர வேறொரு வேறுபாடும் உண்டு. என் பார்வையில் அதுவே முக்கியமானது. ஆயினும் அதைப் பற்றி யாரும் போதிய அளவு பேசுவதில்லை. தெருவில் ஒருவர் உங்கள் வீட்டை நோட்டம் பார்த்தால் அவரையும் தெரு பார்க்கிறது. எதிர் வீட்டுப் பாட்டி, கடைக்குப் போகும் பையன், நாய் என்று யாராவது அவரைக் கவனிப்பார்கள். இரண்டு முறை ஒரே வீட்டைச் சுற்றினால் யார் என்று கேட்பார்கள். பார்க்கிறவனும் பார்க்கப்படுகிறான் என்பதுதான் தெருவுக்கு உள்ள இயற்கையான காவல். இணையப் படம் அந்தக் காவலை எடுத்துவிடுகிறது. எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து, எத்தனை முறை வேண்டுமானாலும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும், பெரிதாக்கிப் பெரிதாக்கி உங்கள் கதவின் பூட்டைப் பார்க்கலாம். யார் பார்த்தார் என்று உங்களுக்கு ஒருபோதும் தெரியாது. ஆகவே யாரும் பார்க்கக்கூடியதுதானே என்ற வாதம் பார்வையின் ஒரு பாதியை மட்டுமே கணக்கில் எடுக்கிறது.

நீதிமன்றங்களும் இதை மெல்லப் புரிந்துகொண்டு வருகின்றன. லண்டன் நகரின் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தின் உச்சியில் பொதுமக்களுக்காக அமைந்த பார்வை மேடையிலிருந்து எதிரேயுள்ள கண்ணாடிச் சுவர் வீடுகளுக்குள் ஆண்டுக்கு லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். அங்கே குடியிருந்தவர்கள் கீழ் நீதிமன்றங்களில் இரண்டு முறை தோற்றார்கள். 2023 பிப்ரவரியில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், எதிர் வீட்டுக்காரர் எப்போதாவது பார்ப்பது வேறு, நாள் முழுவதும் கூட்டம் கூட்டமாக நின்று உற்றுப் பார்ப்பதும் படம் எடுப்பதும் வேறு என்று சொல்லி, அது குடியிருப்போருக்குச் செய்யும் தொல்லையே என்று தீர்ப்பளித்தது. அது இணையப் படங்களைப் பற்றிய வழக்கு அல்ல. ஆனாலும் பார்வையின் அளவும் தொடர்ச்சியும் மாறும்போது அதன் தன்மையே மாறிவிடுகிறது என்ற கருத்து அங்கே நிலைபெற்றுவிட்டது.

எதிர்ப்பக்கத் தீர்ப்புகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகருக்கு அருகே ஒரு தம்பதியின் தனியார் பாதைக்குள், அனுமதியின்றி நுழையாதீர் என்ற அறிவிப்பையும் தாண்டிப் படம் எடுக்கும் வண்டி வந்துவிட்டது. அவர்கள் 2008-இல் வழக்குத் தொடுத்தார்கள். தனியுரிமை மீறல் என்ற குற்றச்சாட்டை மாவட்ட நீதிமன்றமும் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தள்ளிவிட்டன. வாயிலற்ற பாதையிலிருந்து வீட்டின் வெளிப்புறத்தைப் படம் எடுத்தது சராசரி மனிதரை அவமானத்துக்கு உள்ளாக்கும் செயல் அல்ல என்பது அவற்றின் கருத்து. அத்துமீறி நுழைந்ததற்கான வழக்கு மட்டும் 2010 ஜனவரியில் மீண்டும் உயிர்பெற்றது. அதே ஆண்டு இறுதியில் நிறுவனம் அத்துமீறலை ஒப்புக்கொண்டு ஒரே ஒரு டாலர் இழப்பீடு தருவதாக வழக்கு முடிந்தது. அந்தத் தம்பதி படத்தை நீக்கச் சொல்லும் எளிய வழியைப் பயன்படுத்தவில்லை என்பதையும், வழக்கின் மூலமே தங்கள் வீட்டின்மீது மேலும் கவனத்தை ஈர்த்தார்கள் என்பதையும் மாவட்ட நீதிபதி சுட்டிக்காட்டினார். அவருடைய கடுமையை நான் ஏற்கவில்லை. ஆயினும் வழக்குத் தொடுக்க நினைக்கும் ஒவ்வொருவரும் அதைப் படிக்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் நிலைமை வேறு. அங்கே தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மீறியதால் விளைந்த பொருளிழப்புக்கும் மன உளைச்சலுக்கும் இழப்பீடு கேட்க வழி உண்டு. சட்டத்தை மீறியது மட்டும் போதாது, இழப்பு ஏற்பட்டிருக்க வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2023 மே மாதத்தில் சொன்னது. தரவு தவறான கைகளில் சிக்கிவிடுமோ என்ற நியாயமான அச்சமே ஓர் இழப்பாகலாம் என்று அதே ஆண்டு டிசம்பரில் சொன்னது. அந்தச் சட்டம் பொருந்தும் நாட்டில் நீங்கள் இருந்தால், திருட்டால் போன நகையைக் கேட்பதைவிட, பின்கதவு உலகுக்குத் தெரிய நிற்கிறது என்ற அச்சத்தோடு வாழ்ந்ததைச் சொல்லிக் கேட்பதே பொருத்தமான வழி. இதற்குத் திருடன் அந்தப் படத்தைப் பார்த்தான் என்று நிறுவவேண்டிய தேவையே இல்லை.

உண்மையில் திருடர்களுக்கு இந்தப் படங்கள் எவ்வளவு உதவுகின்றன? இந்த அச்சம் புதிதல்ல. 2009 ஏப்ரலில் இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் அருகேயுள்ள பிராட்டன் என்ற ஊரில், ஏற்கெனவே சில வாரங்களாகத் திருட்டு நடந்துகொண்டிருந்த நிலையில், படம் எடுக்க வந்த வண்டியை ஊர்மக்கள் கைகோத்து நின்று மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். அவர்களுடைய கலக்கத்தை நான் முழுமையாகப் புரிந்துகொள்கிறேன். எனினும் திருடன் தேடும் முதல் தகவல் வீட்டில் ஆள் இல்லை என்பதே. அதைப் பழைய படம் ஒருபோதும் சொல்லாது. படத்தின் ஓரத்தில் அது எடுக்கப்பட்ட மாதமும் ஆண்டும் இருக்கும். பெரும்பாலும் அது பல மாதங்களுக்கோ பல ஆண்டுகளுக்கோ முந்தையது. அப்போது நின்ற ஏணி இப்போது அங்கே நிற்குமா என்று அவனுக்குத் தெரியாது. நான் வெளியூரில் இருக்கிறேன் என்று நாமே போடும் பதிவு அவனுக்கு அதைவிடப் பலமடங்கு பயன்படும். 2010 பிப்ரவரியில் ‘ப்ளீஸ் ராப் மீ’ என்ற பெயரில் நெதர்லாந்தைச் சேர்ந்த சிலர் தொடங்கிய தளம், மக்கள் தாங்களே பொதுவில் அறிவித்த இருப்பிடப் பதிவுகளைத் திரட்டிக் காட்டியது. வீட்டில் இல்லை என்பதை எத்தனை பேர் ஊருக்கே பறைசாற்றுகிறார்கள் என்று எச்சரிப்பதே அதன் நோக்கம்.

இந்தப் படங்கள் எதிர்த்திசையிலும் வேலை செய்திருக்கின்றன. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் ஒரு சிறுவனிடமிருந்து பணத்தையும் கைப்பேசியையும் பறித்தவர்கள், வழிப்பறிக்குச் சற்று முன்பு அவன் பின்னால் நடந்து வந்த காட்சி தெருப் படத்தில் பதிவாகியிருந்தது. அதைப் பார்த்த சிறுவன் காவல்துறையிடம் சொல்ல, மங்கலாக்கப்படாத மூலப்படத்தை நிறுவனத்திடம் கேட்டுப் பெற்று 2009-இல் இருவரைக் கைது செய்தார்கள். இது நிறுவனத்துக்கு நற்சான்று தருவதற்காக அல்ல. பொதுமக்களுக்கு மங்கலாகத் தெரியும் படத்தின் தெளிவான மூலப்படியும் ஓரிடத்தில் இருக்கக்கூடும் என்பதை இதிலிருந்து நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

ஏணி பற்றிய கேள்விக்கு நான் தயக்கமின்றிப் பதில் சொல்கிறேன்: அது உங்கள் தவறு அல்ல. சொந்த மதிலுக்கு உள்ளே, சொந்தச் சுவரில், சொந்த ஏணியைச் சாய்த்து வைக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. திருடனுடைய குற்றத்தில் ஒரு துளியும் அதனால் உங்கள் பக்கம் நகராது. ஆனால் காப்பீட்டு நிறுவனத்தோடு நீங்கள் செய்துகொண்ட ஒப்பந்தம் தனி விவகாரம். பல வீட்டுக் காப்பீட்டு ஒப்பந்தங்கள் நியாயமான முன்னெச்சரிக்கை எடுத்திருக்க வேண்டும் என்றும், வலுக்கட்டாயமாக உள்ளே நுழைந்த தடயம் இருக்க வேண்டும் என்றும் நிபந்தனை வைக்கின்றன. கதவு நெம்பப்பட்டிருப்பதால் இரண்டாவது நிபந்தனை உங்களுக்குச் சாதகமே. அந்தக் கதவைச் சரிசெய்யும் முன் எடுத்த படங்கள் இருந்தால் பத்திரமாக வைத்திருங்கள். காப்பீட்டு மதிப்பீட்டாளரிடம் தெருக்காட்சிப் படத்தைப் பற்றி நீங்களாகவே நீண்ட விளக்கம் கொடுக்காதீர்கள். கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

இந்த நேரத்தில் படத்தைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. ஒருமுறை திருட்டு நடந்த வீட்டில் மறுபடியும் நடக்கும் வாய்ப்பு, நடக்காத வீட்டைவிட அதிகம். அதுவும் முதல் சில வாரங்களில். இங்கிலாந்தின் ராச்டேல் நகரைச் சேர்ந்த கர்க்ஹோல்ட் குடியிருப்பில் 1980-களின் நடுப்பகுதியில் தொடங்கிய திட்டம் இதை உலகுக்கு உணர்த்தியது. ஏற்கெனவே திருட்டுப் போன வீடுகளின் பூட்டுகளையும் கதவுகளையும் முதலில் பலப்படுத்தி, அந்த வீட்டைச் சுற்றியுள்ள ஐந்தாறு வீட்டாரை ஒருவரையொருவர் கவனித்துக்கொள்ளச் செய்தார்கள். சில ஆண்டுகளிலேயே திருட்டு பெருமளவு குறைந்தது. வந்தவனுக்கு இப்போது உங்கள் வீட்டின் அமைப்பு எந்தப் படத்தைவிடவும் நன்றாகத் தெரியும். ஆகவே பின்கதவை இந்த வாரமே மாற்றுங்கள். பக்கத்து வீட்டாரிடம் நடந்ததைச் சொல்லுங்கள். படத்துக்கான முறையீடு அதன் பிறகு போகட்டும்.

முறையீட்டைப் பற்றிச் சில நுணுக்கங்கள். முதலில், எதையும் நீக்கச் சொல்வதற்கு முன், படம் இப்போதுள்ள நிலையில் உங்கள் பின்கதவு தெரியும் காட்சியை முகவரியும் எடுக்கப்பட்ட மாதமும் ஆண்டும் தெரியும்படி சேமித்து, திருட்டுக் குறித்த காவல்துறைப் புகாருடன் இணைத்துக் கொடுங்கள். நீக்கிய பின் அந்தச் சான்று உங்களிடம் இருக்காது. அதன் பின், தெருக்காட்சியைத் திறந்தால் ஓரத்தில் சிக்கலைத் தெரிவிக்கும் இணைப்பு இருக்கும். அதில் முகம், வீடு, வாகனம் என்ற வகைகளில் வீட்டைத் தேர்ந்தெடுத்து, படத்தில் எந்தப் பகுதி என்று குறித்து அனுப்ப வேண்டும். ஒரே வீடு தெருவின் பல இடங்களில் நின்று பார்க்கும்போது பல கோணங்களில் தெரியும். பழைய ஆண்டுகளின் படங்களும் 2014 முதல் பார்க்கக் கிடைக்கின்றன. ஆகவே உங்கள் சந்து தெரியும் ஒவ்வொரு கோணத்தையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். ஆப்பிள் நிறுவனத்தின் வரைபடத்திலும் பயனர்களே படம் ஏற்றும் மேப்பில்லரி போன்ற சேவைகளிலும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒன்றில் மறைந்தது மற்றொன்றில் மறையாது.

கூகுளில் ஒருமுறை மங்கலாக்கியதைத் திரும்பப் பெற முடியாது என்பதை அறிந்தே செய்யுங்கள். பிற்காலத்தில் வீட்டை விற்கும்போது வாங்க வருகிறவருக்கு அந்த இடத்தில் ஒரு மங்கலான திட்டு மட்டுமே தெரியும். வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டுச் செய்வது முறை. மறைத்த வீடு கவனத்தை ஈர்க்கும் என்ற அச்சம் சிலருக்கு உண்டு. ஜெர்மனியில் 2010-இல் 20 பெரிய நகரங்களில் சுமார் 2,44,000 வீடுகள், அதாவது ஏறத்தாழ 3 சதவீதம், மறைக்கக் கோரின. எஸ்ஸன் நகரில் அப்படி மறைத்த சில வீடுகளின் மேல் முட்டை வீசிய விஷமிகளும் இருந்தார்கள். மறைத்ததைப் பார்த்து, இங்கே விலையுயர்ந்த பொருள் இருக்கிறது என்று முடிவுகட்டும் திருடன் ஒருவன் இருக்கக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. எனினும், கேமராவின் உயரத்தால் மட்டுமே பின்கதவு தெரிகிற உங்கள் வீட்டைப் பொறுத்தவரை, மறைப்பதால் கிடைக்கும் பயனே பெரிது என்பது என் கணிப்பு. வீடு முழுவதையும் மறைக்க வேண்டாம் என்று தோன்றினால், மதிலுக்கு மேல் தெரியும் சந்துப் பகுதியை மட்டும் குறித்து, இது தெருவில் நிற்பவரின் பார்வைக்கு எட்டாத அடைப்புள்ள இடம் என்று காரணத்தையும் எழுதிக் கேட்டுப் பாருங்கள்.

வீட்டை வாங்கியபோது தரகரோ முந்தைய உரிமையாளரோ இணையத்தில் ஏற்றிய விற்பனை விளம்பரம் இன்னும் இருக்கிறதா என்றும் உடனே தேடுங்கள். அறைகளின் உட்புறம், சன்னல் கம்பி, வரைபடம் என்று தெருக்காட்சிப் படம் எதுவும் காட்டாதவற்றை அந்த விளம்பரங்கள் காட்டுகின்றன. விற்பனை முடிந்து பல ஆண்டுகள் ஆன பின்னும் அவை அப்படியே கிடப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். விளம்பரம் வெளியிட்ட தளத்துக்கும் தரகருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பி, இந்த வீட்டின் இப்போதைய உரிமையாளர் நான், விற்பனை முடிந்துவிட்டது, உட்புறப் படங்களை நீக்குங்கள் என்று நாள் குறிப்பிட்டுக் கேளுங்கள்; அந்தக் கடிதத்தின் நகலையும் வரும் பதிலையும் காவல்துறைப் புகாரின் நகலோடு ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.